ஸ்டீலி டான் இசைக்குழுவின் சிறந்த பாடல்கள்

ஸ்டீலி டான் என்பது 1971-72 காலப்பகுதியில் தோன்றிய ஓர் அமெரிக்க ஜாஸ் ராக் இசைக்குழு ஆகும். டொனால்ட் ஃபேகன் (பிறப்பு: 1948), வால்ட்டர் பெக்கர் (1950-2017) ஆகிய இருவரும் இக்குழுவின் பாடல்களை எழுதி இசையமைத்தனர். 1972 முதல் 1980 வரை இக்குழு ஏழு இசைத்தொகுப்புகளை வெளியிட்டது. இக்குழுவின் சிறந்த பாடல்களாகப் பொதுவாகக் கருதப்படுபவை அனைத்தும் பெரும்பாலும் இந்த ஏழு தொகுப்புகளுள் அடங்கும்.

இக்கட்டுரை அப்பாடல்களுள் முக்கியமானவற்றையும், அவை உருவான முறையையும் விளக்குகிறது. விற்பனைப் பட்டியலில் பெற்ற இடம், இசைக்கலைஞர்களிடையே பெற்ற மதிப்பு, பிற்காலக் கலைஞர்கள் எடுத்தாண்ட விதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாடல்கள் தெரிவு செய்யப்பட்டுள்ளன.

ஜாஸ் ராக்: ஒரு பின்னணி

ஜாஸ் இசையில் சிக்கலான சுரக்கூட்டுகளும் (கார்டு), மேடையிலேயே கற்பனையாக வாசிக்கும் தனி ஆவர்த்தனமும் முதன்மை பெறுகின்றன. ராக் இசையில் அழுத்தமான தாளமும், மின்கிட்டாரும், எளிதில் மனத்தில் பதியும் மெட்டும் முதன்மை பெறுகின்றன. 1960-களின் இறுதியில் இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சிகள் அமெரிக்காவில் பரவலாக நடைபெற்றன. ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் மின்கருவிகளைக் கொண்டு இசைத்தொகுப்புகளை வெளியிட்டார். பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ், சிக்காகோ முதலிய ராக் குழுக்கள் ட்ரம்பெட், ட்ராம்போன் போன்ற ஊதுகருவிகளைத் தம் குழுவில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டன.

ஸ்டீலி டான் வேறு வழியைப் பின்பற்றியது. வெளித்தோற்றத்தில் அதன் பாடல்கள் வானொலிக்கு ஏற்ற எளிய பாப் பாடல்கள் போன்றே ஒலிக்கும். ஜாஸ் இசை அவற்றின் உள்ளே, சுரக்கூட்டுகளின் அடுக்கிலும் தனி ஆவர்த்தனங்களிலும் மறைந்திருக்கும். இசையறிவு இல்லாதவரும் முணுமுணுக்கலாம். இசை பயின்றவர் அதே பாடலைப் பலமுறை கேட்டு ஆராயலாம். இவ்விரு தன்மைகளும் ஒருங்கே அமைந்திருப்பதே இப்பாடல்களின் சிறப்பு எனலாம்.

குழுவின் தோற்றம்

ஃபேகனும் பெக்கரும் 1967-இல் நியூ யார்க் மாநிலத்தின் பார்ட் கல்லூரியில் சந்தித்தனர். இருவருக்கும் ஜாஸ் இசையிலும், கேலி கலந்த புனைகதைகளிலும் ஈடுபாடு இருந்தது. கல்லூரிக்குப் பின் நியூ யார்க் நகரில் பாடல்களை விற்க முயன்று பெரிய வெற்றி காணவில்லை. பின்னர் தயாரிப்பாளர் கேரி கேட்ஸின் உதவியால் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஏபிசி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் சம்பளத்துக்குப் பாடல் எழுதும் வேலையைப் பெற்றனர். இவர்களது பாடல்கள் பிற பாடகர்களுக்குக் கடினமாக இருந்தன. எனவே இவர்களையே ஒரு குழுவாக அமைத்துப் பாடச் செய்வது என முடிவாயிற்று. குழுவின் பெயர் வில்லியம் பர்ரோஸ் எழுதிய 'நேக்கட் லஞ்ச்' என்னும் புதினத்திலிருந்து எடுக்கப்பட்டது.

தொடக்கத்தில் டென்னி டயஸ், ஜெஃப் பாக்ஸ்டர் (கிட்டார்), ஜிம் ஹாடர் (டிரம்ஸ்), டேவிட் பால்மர் (பாடகர்) ஆகியோரும் உறுப்பினர்களாக இருந்தனர். 1974-இல் பெக்கரும் ஃபேகனும் மேடை நிகழ்ச்சிகளைக் கைவிட்டனர். அதன் பின் குழு என்பது இவ்விருவரை மட்டுமே குறித்தது. ஒவ்வொரு பாடலுக்கும் எந்தக் கலைஞர் பொருத்தமோ அவரை அழைத்து வாசிக்கச் செய்யும் முறை உருவாயிற்று. பாடலுக்கு ஏற்பக் குழு மாறியது. குழுவுக்கு ஏற்பப் பாடல் மாறவில்லை.

இசை அமைப்பு

இக்குழுவின் பாடல்களில் அடிக்கடி வரும் ஒரு சுரக்கூட்டு 'மியூ மேஜர்' என அழைக்கப்படுகிறது. மேற்கத்திய இசையின் சாதாரண மேஜர் சுரக்கூட்டில் மூன்று சுரங்கள் உண்டு. நம் முறையில் கூறுவதாயின் அவை ச, க, ப ஆகும். மியூ மேஜரில் இவற்றுடன் ரி சுரமும் சேர்கிறது. அடுத்தடுத்த சுரங்களான ரியும் கவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதால் இனிமையினூடே ஒரு சிறு உரசல் தோன்றுகிறது. மகிழ்ச்சியா வருத்தமா எனப் பிரித்தறிய முடியாத உணர்வை இவ்வுரசல் அளிக்கிறது.

பாடல் வரிகளும் இதே தன்மை கொண்டவை. ஏமாற்றுக்காரர்கள், சூதாடிகள், தோற்றுப்போன கலைஞர்கள், முதுமையை ஏற்க மறுப்பவர்கள் ஆகியோரே பெரும்பாலும் கதைமாந்தர்கள். துயரமான கதை, துள்ளலான இசையில் சொல்லப்படும்.

முக்கியமான பாடல்கள்

டூ இட் அகெய்ன் (1972)

முதல் தொகுப்பான 'கான்ட் பை எ த்ரில்'-இன் முதல் பாடல் இதுவாகும். இலத்தீன் அமெரிக்கத் தாளத்தில் அமைந்த இப்பாடல் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 6-ஆம் இடத்தைப் பெற்றது. கொலை, காதல், சூதாட்டம் என மூன்று பகுதிகளிலும் ஒருவன் தன் தவற்றையே மீண்டும் மீண்டும் செய்கிறான். மாறாமல் சுழன்று வரும் தாளம் அந்தக் கருத்தையே இசையால் உணர்த்துகிறது. இப்பாடலின் நீண்ட தனி ஆவர்த்தனத்தை டென்னி டயஸ் மின்சித்தாரில் வாசித்தார். மின்சித்தார் என்பது இந்தியச் சித்தாரின் ரீங்காரத்தைத் தரும் வகையில் அமைக்கப்பட்ட ஒருவகைக் கிட்டார் ஆகும்.

ரீலின் இன் தி இயர்ஸ் (1972)

இதே தொகுப்பில் இடம்பெற்ற இப்பாடல் 11-ஆம் இடத்தைப் பெற்றது. பிரிந்து சென்ற காதலியை நோக்கிய கசப்பான சொற்கள், உற்சாகமான தாளத்தில் அமைந்துள்ளன. எலியட் ராண்டல் வாசித்த கிட்டார் பகுதிகள் ராக் இசையின் சிறந்த கிட்டார் வாசிப்புகளுள் எண்ணப்படுகின்றன. லெட் செப்பெலின் குழுவின் ஜிம்மி பேஜ் இதனைப் பெரிதும் பாராட்டியுள்ளார்.

போதிசத்துவா (1973)

இரண்டாம் தொகுப்பான 'கவுண்ட்டவுன் டு எக்ஸ்டசி' இப்பாடலுடன் தொடங்குகிறது. பௌத்த மரபின் போதிசத்துவரை நோக்கிப் பாடுவதாக அமைந்திருப்பினும் இது பக்திப் பாடல் அன்று. கீழை நாட்டுச் சமயங்களை மேலை நாட்டவர் மேலோட்டமாக நாடிச் சென்ற அக்கால மோகத்தின் மீதான கேலி ஆகும். இசையைப் பொறுத்தவரை, விரைவான ப்ளூஸ் அமைப்பின் மேல் இரு கிட்டார் கலைஞர்களும் தம் திறமையைக் காட்டும் பாடல் இது. ஓர் உண்மையான மேடைக் குழுவாக ஸ்டீலி டான் எவ்வாறு ஒலித்தது என்பதை இதில் அறியலாம்.

ரிக்கி டோன்ட் லூஸ் தட் நம்பர் (1974)

'பிரெட்சல் லாஜிக்' என்னும் மூன்றாம் தொகுப்பின் இப்பாடல் 4-ஆம் இடத்தைப் பெற்றது. இக்குழுவின் எந்தப் பாடலும் இதனினும் உயர்ந்த இடத்தைப் பெறவில்லை. பாடலின் தொடக்கத்தில் வரும் கீழ்ச்சுர நடை, ஜாஸ் பியானோ கலைஞர் ஹோரஸ் சில்வர் 1964-இல் ஒலிப்பதிவு செய்த 'சாங் ஃபார் மை ஃபாதர்' என்னும் படைப்பை நினைவூட்டுவது. ஜாஸ் மரபிலிருந்து பெற்றதை இக்குழு மறைக்க முயலவில்லை. இதே தொகுப்பில் டியூக் எல்லிங்டனின் 1920-களின் படைப்பு ஒன்றை மறுஆக்கம் செய்திருப்பதும், சார்லி பார்க்கரைப் போற்றும் பாடல் ஒன்று இடம்பெற்றிருப்பதும் குறிப்பிடத்தக்கவை.

டாக்டர் வூ (1975)

மேடையைக் கைவிட்ட பின் வெளியான முதல் தொகுப்பு 'கேட்டி லைட்' ஆகும். இதில் இடம்பெற்ற 'டாக்டர் வூ' பாடலின் சாக்சபோன் பகுதியை, பார்க்கரின் மரபில் வந்த ஃபில் வுட்ஸ் வாசித்தார். இருபது வயதே நிரம்பிய ஜெஃப் போர்கரோ டிரம்ஸ் வாசித்தார். இத்தொகுப்பின் ஒலிப்பதிவில் பயன்படுத்தப்பட்ட இரைச்சல் குறைப்புக் கருவி சரிவர இயங்காததால் ஒலித்தரம் பாதிக்கப்பட்டது. பெக்கரும் ஃபேகனும் இதனால் பெரிதும் மனம் நொந்தனர். கேட்போர் பலருக்கு இக்குறை தெரிவதில்லை.

கிட் சார்லமேன் (1976)

'தி ராயல் ஸ்காம்' தொகுப்பின் முதல் பாடல். 1960-களில் சான் பிரான்சிஸ்கோவில் எல்எஸ்டி போதைப்பொருளைத் தயாரித்துப் புகழ்பெற்ற ஆவ்ஸ்லி ஸ்டான்லியின் வாழ்க்கையைத் தழுவியது. ஒரு காலத்தில் கொண்டாடப்பட்டவன், காலம் மாறியதும் துரத்தப்படும் கதை இதில் சொல்லப்படுகிறது. லாரி கார்ல்ட்டனின் கிட்டார் ஆவர்த்தனம் காரணமாக இது கிட்டார் பயில்வோரின் பாடமாகவே விளங்குகிறது. விற்பனைப் பட்டியலில் 82-ஆம் இடத்தையே பெற்றது என்பது, விற்பனையும் மதிப்பும் எப்போதும் இணைந்து செல்வதில்லை என்பதற்குச் சான்றாகும்.

ஏஜா (1977)

1977 செப்டம்பரில் வெளியான 'ஏஜா' இக்குழுவின் மிகச் சிறந்த தொகுப்பாகக் கருதப்படுகிறது. ஏறத்தாழ எட்டு நிமிடங்கள் நீளும் இதன் தலைப்புப் பாடல், இக்குழுவின் பாடல்களுள் ஜாஸ் இசைக்கு மிக நெருக்கமானது. மைல்ஸ் டேவிஸ் குழுவில் இருந்த வெய்ன் ஷார்ட்டர் இதில் டெனார் சாக்சபோன் வாசித்தார். ஸ்டீவ் காட் சாக்சபோனுக்கு இணையாகவும், பாடலின் இறுதியிலும் ஆற்றிய டிரம்ஸ் வாசிப்பு புகழ்பெற்றது. முன்பு உறுப்பினராக இருந்த டென்னி டயஸும் இப்பாடலில் கிட்டார் வாசித்துள்ளார்.

டீக்கன் ப்ளூஸ் (1977)

புறநகரில் வாழும் ஒருவன், தான் ஒரு சாக்சபோன் கலைஞனாகி இரவு விடுதிகளில் வாசித்து வாழ்வதாகக் கனவு காண்கிறான். வெற்றி பெற்றவர்களுக்குப் பெரிய பட்டப்பெயர்கள் இருப்பது போல், தோற்றவனான தனக்கும் ஒரு பெயர் வேண்டும் எனக் கருதித் தானே ஒரு பெயரைச் சூட்டிக்கொள்கிறான். அப்பெயரே பாடலின் தலைப்பு ஆகும். ஏழரை நிமிடம் நீளும் பாடல் ஆயினும் 19-ஆம் இடத்தைப் பெற்றது. கதைமாந்தன் கனவில் காணும் சாக்சபோன் இசையை வாசித்தவர் பீட் கிறிஸ்ட்லீப். அவர் அக்காலத்தில் 'தி டுநைட் ஷோ' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் இசைக்குழுவில் வாசித்து வந்தார். ஓரிரு முயற்சிகளிலேயே அவர் பகுதி நிறைவுற்றது.

பெக் (1977)

ப்ளூஸ் இசையின் வழக்கமான 12 அளவுச் சட்டகத்தின் மேல் புதிய சுரக்கூட்டுகளை அடுக்கி அமைக்கப்பட்ட பாடல். 11-ஆம் இடத்தைப் பெற்றது. மைக்கேல் மெக்டொனால்ட் தன் குரலையே பலமுறை பதிவு செய்து அடுக்கிய பின்னணிப் பாடல் இதன் தனி அடையாளம். கிட்டார் ஆவர்த்தனத்துக்காகக் கலைஞர் பலர் அழைக்கப்பட்டு, ஒவ்வொருவரின் வாசிப்பும் நிராகரிக்கப்பட்ட பின்னரே ஜே கிரேடன் வாசித்தது ஏற்கப்பட்டது. பேஸ் கிட்டார் வாசித்த சக் ரெய்னியிடம், தந்திகளைக் கட்டைவிரலால் தட்டி வாசிக்க வேண்டாம் எனக் கூறப்பட்டிருந்தது. அவர் பிறர் காணாதவாறு திரும்பி அமர்ந்து, அவ்வாறே வாசித்தார். அந்த ஒலி அனைவருக்கும் பிடித்துப்போயிற்று.

ஹோம் அட் லாஸ்ட் (1977)

ஹோமரின் 'ஒடிசி' காப்பியத்தில், கடற்பெண்களின் பாடலில் மயங்கிவிடாதிருக்க நாயகன் தன்னைப் பாய்மரத்தில் கட்டச் செய்யும் நிகழ்ச்சியைத் தழுவியது. இதில் டிரம்ஸ் கலைஞர் பெர்னார்ட் பர்டி வாசித்த நடை 'பர்டி ஷஃபிள்' என்றே பெயர் பெற்றது. ஒவ்வொரு துடிப்பும் திசுர நடையைப் போல் மூன்றாகப் பிரிகிறது. வலுவான அடிகளுக்கு இடையே, காதில் விழுந்தும் விழாததுமான மெல்லிய அடிகள் நிரம்பியுள்ளன. அமைதியாக ஒலிக்கும் பாடல் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருப்பது போன்ற உணர்வை இது தருகிறது.

ஹே நைன்டீன் (1980)

'கௌச்சோ' தொகுப்பின் இப்பாடல் 10-ஆம் இடத்தைப் பெற்றது. நடுவயதை நெருங்கும் ஒருவன் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் பேச முயல்கிறான். பாடகி அரீதா ஃபிராங்கிளினை அவளுக்குத் தெரியவில்லை. இருவருக்கும் பொதுவாகப் பேச ஒன்றுமில்லை என்பதை அவன் உணர்கிறான். சிரிப்பும் வருத்தமும் கலந்த இப்பாடலின் டிரம்ஸ் ஒலியை ஒரு கணினிக் கருவி வழங்கியது.

வெண்டல் கருவி

ஒலிப்பொறியாளர் ரோஜர் நிக்கல்ஸ் இத்துறைக்கு வருமுன் அணுமின் நிலையத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். எந்த மனிதராலும் இயலாத அளவுக்குத் துல்லியமான தாளத்தைப் பெக்கரும் ஃபேகனும் வேண்டினர். அதற்காக அவர் 1,50,000 டாலர் செலவில் 'வெண்டல்' என்னும் கருவியை உருவாக்கினார். டிரம்ஸ் கலைஞர் வாசித்த ஒலிகளை எண்முறையில் பதிந்து வைத்து, வேண்டிய கணத்தில் வேண்டிய வரிசையில் மீண்டும் ஒலிக்கச் செய்வது அதன் பணி. இன்று எளிய கணினி மென்பொருள்கள் செய்யும் இவ்வேலை, அக்காலத்தில் மிகப் புதுமையானதாக இருந்தது.

அழிந்துபோன பாடல்

கௌச்சோ தொகுப்புக்காக நாற்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் வாசித்தனர். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் மார்க் நாப்ளர் பல மணி நேரம் கிட்டார் வாசித்தார். அதில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான பகுதியே 'டைம் அவுட் ஆஃப் மைண்ட்' பாடலில் இடம்பெற்றது.

1979-இன் இறுதியில் 'தி செகண்ட் அரேஞ்ச்மென்ட்' என்னும் பாடல் ஏறத்தாழ முடிவுற்றிருந்தது. குழுவினர் அதனைத் தம் மிகச் சிறந்த பாடல்களுள் ஒன்றாகக் கருதினர். ஒலிப்பதிவுக் கூடத்தின் உதவியாளர் ஒருவர் நாடாவின் பெரும்பகுதியைத் தவறுதலாக அழித்துவிட்டார். அக்காலத்தில் காந்த நாடாவில் அழிந்த ஒலியை மீட்க வழியில்லை. மீண்டும் பதிவு செய்ய முயன்றும், முதலில் இருந்த உயிர்ப்பு திரும்பவில்லை. பாடல் கைவிடப்பட்டு, பழைய ஒலிப்பதிவிலிருந்து உருவான 'தேர்ட் வேர்ல்ட் மேன்' அதன் இடத்தில் சேர்க்கப்பட்டது. 2011-இல் நிக்கல்ஸ் மறைந்தார். அவரது குடும்பத்தினரிடம் இருந்த ஒலிநாடாப் பிரதியிலிருந்து அப்பாடல் 2023-இல் பொதுமக்களின் செவிக்கு எட்டியது.

1980-இல் பெக்கர் மோட்டார் வண்டி மோதிக் கால் முறிந்து பல மாதங்கள் சிகிச்சை பெற்றார். தொகுப்பின் தலைப்புப் பாடல் தம் படைப்பை ஒத்திருப்பதாக ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் முறையிட, அவரது பெயர் இசையமைப்பாளர்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 1981-இல் இருவரும் பிரிந்தனர்.

பிற்காலம்

1993-இல் இருவரும் மீண்டும் இணைந்து மேடை நிகழ்ச்சிகளை நடத்தினர். 2000-இல் வெளியான 'டூ அகெய்ன்ஸ்ட் நேச்சர்' தொகுப்பு, ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான விருது உட்பட நான்கு கிராமி விருதுகளை 2001-இல் பெற்றது. இறுதித் தொகுப்பான 'எவ்ரிதிங் மஸ்ட் கோ' 2003-இல் வெளியாயிற்று. 2017 செப்டம்பர் 3 அன்று பெக்கர் காலமானார். அதன் பின்னரும் ஃபேகன் குழுவின் பெயரில் நிகழ்ச்சிகளை நடத்தினார்.

தாக்கம்

ஏஜா தொகுப்பு சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமி விருதைப் பெற்றது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2010-ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இதனைச் சேர்த்தது. ஒலிபெருக்கிகளின் தரத்தைச் சோதிக்க இத்தொகுப்பைப் பயன்படுத்துவது ஒலிப்பொறியாளர்களிடையே வழக்கமாயிற்று.

ஹிப் ஹாப் கலைஞர்களும் இப்பாடல்களின் துணுக்குகளை எடுத்தாண்டுள்ளனர். டி லா சோல் குழு 'பெக்' பாடலை 1989-இலும், கான்யே வெஸ்ட் 'கிட் சார்லமேன்' பாடலை 2007-இலும் பயன்படுத்தினர்.

மதிப்பீடு

இக்குழுவின் பாடல்கள் மிகையாகச் செதுக்கப்பட்டவை, அதனால் உயிரற்றவை என்னும் குற்றச்சாட்டு தொடக்கம் முதலே உண்டு. கௌச்சோ தொகுப்பைப் பொறுத்தவரை இதனை முற்றிலும் மறுக்க இயலாது. ஆயினும் இப்பாடல்களில் பெரிதும் போற்றப்படும் பகுதிகளைத் தனித்தனியே நோக்கினால் வேறோர் உண்மை புலப்படும். ஸ்டீவ் காட், கிறிஸ்ட்லீப் ஆகியோரின் வாசிப்புகள் ஓரிரு முயற்சிகளில் பதிவானவை. சக் ரெய்னியின் வாசிப்பு, கூறிய விதியை மீறியதால் கிடைத்தது. சுரக்கூட்டுகளையும் தாளத்தையும் கலைஞர் தெரிவையும் இருவரும் மாதக்கணக்கில் திட்டமிட்டனர். அத்திட்டத்தின் நடுவே ஒரு கலைஞர் கணப்பொழுதில் கற்பனை செய்ததே பாடலுக்கு உயிர் தந்தது. அழிந்த பாடலை மீண்டும் உருவாக்க முடியாமற்போனதும் இதனாலேயே எனலாம். குறிப்புகள் அனைத்தும் அவர்களிடம் இருந்தன. அந்தக் கணம் மட்டும் இல்லை.

பாடற்பட்டியல்

* டூ இட் அகெய்ன் - கான்ட் பை எ த்ரில் (1972)
* ரீலின் இன் தி இயர்ஸ் - கான்ட் பை எ த்ரில் (1972)
* போதிசத்துவா - கவுண்ட்டவுன் டு எக்ஸ்டசி (1973)
* ரிக்கி டோன்ட் லூஸ் தட் நம்பர் - பிரெட்சல் லாஜிக் (1974)
* டாக்டர் வூ - கேட்டி லைட் (1975)
* கிட் சார்லமேன் - தி ராயல் ஸ்காம் (1976)
* ஏஜா - ஏஜா (1977)
* டீக்கன் ப்ளூஸ் - ஏஜா (1977)
* பெக் - ஏஜா (1977)
* ஹோம் அட் லாஸ்ட் - ஏஜா (1977)
* ஹே நைன்டீன் - கௌச்சோ (1980)